உரித்து அனுப்பிய மீன்

ஜெபரட்ணத்தின் தூண்டிலில் முதன்முதலாகப் பெரிய மீன் ஒன்று மாட்டியது 1963ஆம் ஆண்டு ஆவணி மாதத்து ஒரு சனிக்கிழமை காலையில். காங்கேசன்துறைச் சுங்கக் கந்தோரில் அவர் எழுதுவினைஞர். பிறந்து வளர்ந்ததெல்லாம் மலாயாவில், ஈப்போ நகரத்தில். முப்பத்தொரு வயதில்தான் தாய் தகப்பனின் ஊருக்கு வந்து, உடுவிலில் பியாட்றிஸைக் கலியாணம் செய்து, துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்திருந்தார். ஈப்போவிலிருந்து கடலைப் பார்க்கவே அரை நாள் பயணம் போக வேண்டும். மீனைச் சந்தையிலும் சட்டியிலும் கண்டதோடு சரி.

மீன் பிடிக்கும் ஆசை வந்து மூன்று மாதம் ஆகியிருந்தது. பழைய புத்தகக் கடையொன்றில் வாங்கிய ஆங்கிலப் புத்தகம் ஒன்றுதான் அவருக்குத் துணை. தூண்டில் போடப் பழகுகிறவர்களுக்காக எழுதியது. இங்கிலாந்து ஆறுகளை மனதில் வைத்து எழுதியது என்பதை அவர் பெரிதாக எடுக்கவில்லை. கடற்கரையில் எத்தனையோ பேர் பரம்பரையாகக் கடலோடு கிடந்தவர்கள் இருந்தார்கள். அவர்களிடம் ஒரு வார்த்தை கேட்கக் கூச்சம். சிரிப்பார்கள் என்று நினைத்தார். ஏற்கனவே ஒருவர் சிரித்துக்கொண்டுதான் இருந்தார்: பியாட்றிஸின் தமையன் செபநாயகம் வாத்தியார்.

"மலாயாக்காரருக்கு மீன் தகர ரின்னுக்குள்ளைதான் பிடிபடும்," என்று போன கிழமை உடுவில் வீட்டில் எல்லாருக்கும் முன்னால் சொல்லியிருந்தார். "நீர் ஒண்டைப் பிடிச்சு அனுப்பும். நான் முள்ளும் மிச்சம் வைக்காமல் சாப்பிட்டுக் காட்டுறன்."

அந்தச் சனிக்கிழமை கடல் குளம் போலக் கிடந்தது. சோளகக் காற்று தரையிலிருந்து கடலை நோக்கி வீசும் காலம் அது. கரையோரம் அலை எழும்பாது. கற்பாறையில் நின்று இறாலைக் குத்தித் தங்கூசி நூலை எறிந்த அரை மணித்தியாலத்துக்குள் இரண்டு சின்ன விளைமீன். அதன் பிறகு தடி வளைந்தது. கைக்கு வலி எடுக்கும்வரை இழுத்து, முழங்கை நீளத்தில் ஒன்றைக் கரையில் போட்டார். செதில் இல்லை. முதுகு சாம்பல் பச்சை, வயிறு வெள்ளை. கல்லில் விழுந்ததும் வயிறு கொஞ்சம் உப்பி, கரகரவென்று ஒரு சத்தம் போட்டது. காற்றை விழுங்கிவிட்டதாக்கும் என்று நினைத்தார்.

பிடித்த மீனைப் பிடித்த இடத்திலேயே துப்புரவாக்க வேண்டும், செதிலற்ற மீன் என்றால் தோலை உரித்துவிட வேண்டும் என்று புத்தகம் சொல்லியிருந்தது. அப்படியே செய்தார். தோலையும் தலையையும் கடலுக்குள் எறிந்தார். வயிற்றுக்குள் இரண்டு பெரிய சினைக் கட்டிகள் மஞ்சளாக இருந்தன. பியாட்றிஸுக்குப் பொரித்த சினை என்றால் உயிர். அதை வாழையிலையில் தனியாகச் சுற்றினார்.

பியாட்றிஸ் அப்போது உடுவிலில் இருந்தாள். செபநாயகத்தின் மனைவி பொன்மலர் கிணற்றடியில் வழுக்கி விழுந்து கையை முறித்துக்கொண்டதால், சமையலுக்கு உதவியாகப் போய் ஒரு கிழமை. கந்தோரில் கூட வேலை செய்யும் கிருபைரட்ணம் சனிக்கிழமைகளில் காலை ரயிலில் இணுவிலுக்குப் போகிறவர். அவரிடம் பொதியைக் கொடுத்து, "போற வழியிலை எங்கடை மச்சான் வீட்டிலை குடுத்துவிடும். சினை பியாட்றிஸுக்கெண்டு சொல்லும்," என்றார் ஜெபரட்ணம்.

பிறகு வீட்டுக்கு வந்து குளித்து, தேத்தண்ணி ஊற்றி, வாசலில் கதிரையைப் போட்டு உட்கார்ந்தார். அந்த ஊரில் தானும் ஒரு ஆள் என்று அவருக்குத் தோன்றிய முதல் காலை அது.

பத்தரை மணியளவில் மகாதேவி வந்தாள். தலையில் கடகத்தோடு வீடு வீடாக மீன் விற்கும் பெண். நாற்பது வயதிருக்கும்.

"ஐயா, பாரை கிடக்கு. எடுக்கிறியளோ?"

"இண்டைக்கு வேண்டாம், மகாதேவி. நானே பிடிச்சிட்டன்."

அவள் கடகத்தை இறக்கினாள். முகத்தில் கேலி இல்லை. உண்மையாகவே கேட்டாள்: "மெய்யே! என்ன மீன்?"

"பேர் தெரியேல்லை. இவ்வளவு நீளம். செதில் ஒண்டும் இல்லை. வெள்ளை வயிறு."

"செதில் இல்லையோ?" அவள் குரல் மாறியது. "பல்லு எப்பிடி?"

"பல்லுத்தான் புதினம். கிளியின்ரை சொண்டு மாதிரி. என்ரை தூண்டிலைக் கடிச்சு நசுக்கிப்போட்டுது."

"வயிறு ஊதினதோ?"

"ஓம், கொஞ்சம்."

மகாதேவி எழுந்து நின்றாள். "ஐயா, உது பேத்தை. நஞ்சு. மீன் எங்கை?"

அவருக்கு உடனே விளங்கவில்லை. "உடுவிலுக்கு அனுப்பினனான். மனிசி அங்கைதான். உரிச்சு, துண்டு வெட்டி…"

"உரிச்சோ? அப்ப பாக்கிற ஆக்களுக்கு என்ன மீனெண்டு தெரியாதே! சினை கிடந்ததோ?"

"கிடந்தது."

"அதை எறிஞ்சனீங்கள்தானே?"

ஜெபரட்ணம் சயிக்கிளை எடுக்க ஓடினார். பின்னால் அவள் ஏதோ கத்தியது காதில் விழுந்தது. நிற்கவில்லை.

உடுவிலுக்கு ஏழரை மைல். மற்ற நாளில் முக்கால் மணித்தியாலம். அன்றைக்கு அந்தச் சோளகம் முழுக்க அவர் நெஞ்சுக்கு நேரே வந்தது. மிதிக்க மிதிக்கச் சயிக்கிள் நின்ற இடத்திலேயே நிற்பது போலிருந்தது. கண்ணில் புழுதி. மாவிட்டபுரத்தில் ஒரு வண்டில் குறுக்கே நின்றது. அதைச் சுற்றிப் பள்ளத்தில் இறங்கி ஏறினார். பன்னிரண்டு மணிக்குச் செபநாயகம் சாப்பிட உட்காருவார். பள்ளிக்கூட மணி போல, ஒரு நிமிடம் பிந்தாது. கடிகாரத்தைப் பார்த்தார். பதினொன்று ஐந்து. தெல்லிப்பழையைத் தாண்டிய இடத்தில் சங்கிலி கழன்றது. மாட்டினார். இருபது அடி போவதற்குள் திரும்பக் கழன்றது. இந்தத் தரம் சங்கிலி பல்லில் ஏறவேயில்லை.

சயிக்கிளைப் போட்டுவிட்டு ஓடலாமா என்று அவர் நிமிர்ந்தபோது ஒரு பழைய ஒஸ்ரின் கார் வந்து பக்கத்தில் நின்றது. ஏரம்பு என்ற வாடகைக் கார்க்காரர் ஓட்டினார். பின் ஆசனத்திலிருந்து மகாதேவி கதவைத் திறந்தாள்.

"ஏறுங்கோ ஐயா! நில்லுங்கோ எண்டு கத்தினன், கேட்டியளோ?"

அவர் ஏறினார். கார் பறந்தது. மூச்சு வாங்கியபடி, "நீங்களும் ஏன்…" என்றார்.

"சமைச்சு வைச்ச பிறகு எந்தச் சட்டிக்குள்ளை எது கிடக்கெண்டு உங்களுக்குத் தெரியுமோ? ஒரு துண்டு மிஞ்சினாலும் உயிர் போகக் காணும்," என்றாள். அவளுடைய கடகம், நிறைய மீனோடு, அவருடைய வாசலில் வெயிலில் கிடக்கிறது என்பது அவருக்கு அப்போது நினைவில் வரவில்லை.

மல்லாகம் போனது, சுன்னாகம் போனது. சுன்னாகத்தில் சந்தைச் சனம் தெருவை அடைத்து நின்றது. ஏரம்பு கோணை அமத்திப் பிடித்து அலறவிட்டார். ஒரு தரம் மகாதேவி தலையை வெளியே நீட்டி, "விடுங்கோ, உயிர் போற காரியம்!" என்று கத்தினாள். மருதனார்மடத்தில் திரும்பும்போது பன்னிரண்டுக்கு ஐந்து நிமிடம்.

வீட்டுக்குள் சாப்பாட்டு மேசையில் கோப்பைகள் வைத்தாயிற்று. செபநாயகம் மேசைத் தலைப்பில் கண்ணை மூடி, கைகளைக் கோத்து, சாப்பாட்டுக்கான செபம் செய்துகொண்டிருந்தார். பக்கத்தில் பொன்மலர், கழுத்தில் கட்டிய துணியில் கை. நடுவில் ஆவி பறக்கும் குழம்பு. பியாட்றிஸ் இல்லை.

"தொடாதேங்கோ!" என்று கத்தினார் ஜெபரட்ணம். "நஞ்சு மீன்! ஒருத்தரும் தொடாதேங்கோ!"

செபநாயகம் கண்ணைத் திறந்தார். "என்ன காணும், உமக்கு விசரே? செபம் நடக்குது."

"மச்சான், அது பேத்தை மீன். எனக்குத் தெரியாமல் போச்சு. சாப்பிட்டனீங்களோ?"

"இன்னும் இல்லை…"

மகாதேவி யாரிடமும் கேட்கவில்லை. அந்த வீட்டுக்கு அவள் மீன் கொண்டு வந்திருந்தால் பின்வாசலில்தான் நின்றிருப்பாள். இப்போது முன்வாசலால் நுழைந்து, மேசையிலிருந்த குழம்பைத் தூக்கிக்கொண்டு நேரே குசினிக்குள் போனாள். அங்கே பியாட்றிஸ் அடுப்படியில், ஒரு கையால் சுவரைப் பிடித்தபடி நின்றாள். பக்கத்தில் தட்டில் பொரித்த சினை. ஒரு ஓரம் குறைந்திருந்தது.

"தின்றியளோ அம்மா?"

"உப்புப் பாக்க ஒரு துண்டு," என்றாள் பியாட்றிஸ். கணவனைக் கண்டு சிரிக்கப் பார்த்தாள். "எப்ப வந்தனீங்கள்? உதடு விறைக்குது. மிளகாய் கூடிப்போச்சாக்கும் எண்டு நினைச்சன். நாக்கும் ஒரு மாதிரி…"

"எவ்வளவு நேரம்?"

"கால் மணித்தியாலம் இருக்கும்."

மகாதேவி அவள் தலையைக் குனியப் பிடித்து, தொண்டைக்குள் விரலை விட்டாள். பியாட்றிஸ் வாந்தி எடுத்தாள். மறுபடியும் விட்டாள். பிறகு, "கார் நிக்குது. தூக்குங்கோ," என்றாள். நடக்க முயன்றபோது பியாட்றிஸின் முழங்கால் மடிந்தது. ஒரு பக்கம் ஜெபரட்ணம், மறுபக்கம் செபநாயகம். பொன்மலர் முறியாத கையால் சட்டியிலிருந்ததை எல்லாம் வளவின் மூலையில் கொட்டி மண் மூடத் தொடங்கினாள்.

மானிப்பாய் ஆஸ்பத்திரிக்குப் போகும் பத்து நிமிடத்துக்குள் அவள் பேச்சுக் குழறத் தொடங்கியது. "கையைக் காணேல்லை," என்றாள். கை அவர் கைக்குள்தான் இருந்தது.

டாக்குத்தர் வயிற்றைக் கழுவினார். நாடி பார்த்தார். கண்ணில் வெளிச்சம் அடித்துப் பார்த்தார். "இதுக்கு மாற்று மருந்தெண்டு ஒண்டும் இல்லை," என்று மறைக்காமல் சொன்னார். "நஞ்சு தானாகத்தான் இறங்கோணும். அதுவரைக்கும் மூச்சு நிக்காமல் பாத்தால் பிழைக்கலாம்."

இரண்டு மணிக்கு மூச்சு நிற்கத் தொடங்கியது. நெஞ்சு அசைவது குறைந்து குறைந்து, உதடு நீலம் பாய்ந்தது. சத்திரசிகிச்சை அறையிலிருந்து ஒரு ரப்பர் பையைக் கொண்டு வந்தார்கள். ஒரு முனையில் மூக்கையும் வாயையும் மூடும் மூடி. தாதி ஒருத்தி மூடியை அழுத்திப் பிடிக்க, டாக்குத்தர் பையை அமத்தி அமத்திக் காற்றை உள்ளே தள்ளினார். அரை மணித்தியாலம் கழித்து அவர் ஜெபரட்ணத்தைப் பார்த்தார்.

"எனக்கு மற்ற நோயாளியளும் இருக்கினம். இதை நீங்கள்தான் செய்யோணும். நீங்கள் மூச்சு இழுக்கேக்கை அமத்துங்கோ, விடேக்கை விடுங்கோ. அவசரப்படக் கூடாது. நிப்பாட்டவும் கூடாது."

ஜெபரட்ணம் பையை வாங்கினார். அமத்தினார். மனைவியின் நெஞ்சு எழும்பியது. விட்டார். தாழ்ந்தது. தன் கைதான் அவளுக்கு இப்போது சுவாசம் என்ற நினைப்பில் அவர் உள்ளங்கை வியர்த்து ரப்பர் வழுக்கியது. வேட்டியில் ஒரு கையைத் துடைத்து, மறு கையால் அமத்தினார். அவள் முகத்தில் ஓர் அசைவும் இல்லை. கண் இமை பாதி மூடிக் கிடந்தது. கட்டிலுக்கு மறுபக்கம் செபநாயகம் நின்று, வாய்க்குள் செபம் செய்து, இடையில் உடைந்து, "என்ரை தங்கச்சி போட்டாள்," என்று அழத் தொடங்கினார்.

கால்மாட்டில் நின்ற மகாதேவி அவரை அதட்டினாள். "வாத்தியார், உப்பிடிச் சொல்லாதேங்கோ! அவவுக்குக் கேக்கும்."

"என்ன?"

"எங்கடை அண்ணைக்கும் உதுதான் நடந்தது. ரெண்டு நாள் அசையாமல் கிடந்தவன். செத்துப்போனான் எண்டு நாங்கள் குளறி அழுதனாங்கள். எழும்பின பிறகு சொன்னான், ஆர் ஆர் என்னென்ன சொல்லி அழுதனீங்கள் எண்டு. ஒண்டும் விடாமல் சொன்னான். எல்லாம் கேட்டுக்கொண்டு, வாய் திறக்க ஏலாமல் கிடந்தவன்." அவள் ஜெபரட்ணத்தின் பக்கம் திரும்பினாள். "ஐயா, கதையுங்கோ. தனியக் கிடக்கிறன் எண்டு அவ நினைக்கக் கூடாது."

ஜெபரட்ணம் பையை அமத்தியபடியே அவள் பக்கம் குனிந்தார். முதலில் மன்னிப்புக் கேட்டார். பிறகு மீன் எப்படி மாட்டியது என்று சொன்னார். பிறகு வீட்டைப் பற்றி, வேலியடியில் காய்த்த பாகலைப் பற்றி. பேச்சு தீர்ந்தது. கை நிற்கவில்லை. மூன்றரை மணி இருக்கும். தோள் நெருப்பாக எரிந்தது. நெடுநாள் அடக்கி வைத்திருந்த ஒன்று அப்போது அவர் வாயில் வந்தது.

"பியாட்றிஸ், வைகாசி மாதம் தம்பிக்கு ஒரு காயிதம் போட்டனான். அவன்ரை கொம்பனியிலை ஒரு இடம் இருக்கு, ஈப்போவுக்கு வாங்கோ எண்டு எழுதினவன். வாறன் எண்டு எழுதிப்போட்டன். உம்மைக் கேக்கேல்லை. இஞ்சை எனக்கு ஒரு இடமும் இல்லாத மாதிரிக் கிடந்தது. உமக்கு எப்பிடிச் சொல்லுறதெண்டு தெரியாமல்தான் சனிக்கிழமையிலை கடற்கரையிலை போய் நிண்டனான். தூண்டில் ஒரு சாட்டு. இண்டைக்குப் பெரிய மீன் ஒண்டு பிடிபட்ட உடனை, இனிப் போகத் தேவையில்லை எண்டு நினைச்சன். உங்கடை ஆக்கள் நான் பிடிச்சதைச் சாப்பிடுவினம் எண்டு… அந்தச் சந்தோசத்திலைதான் அனுப்பினனான்."

செபநாயகம் தலை நிமிர்ந்தார். எல்லாவற்றையும் கேட்டிருந்தார். முகம் சுருங்கியிருந்தது. கட்டிலைச் சுற்றி வந்து, "கை களைச்சுப் போச்சு உமக்கு. தாரும், இனி நான் அமத்துறன்," என்றார். வாங்கும்போது ஒரு மூச்சும் தவறாமல் பார்த்து வாங்கினார். பிறகு தங்கையின் முகத்தைப் பார்த்தபடி, "பிள்ளை, உவரைப் பகிடி பண்ணினது நான்தான். அவர் பேசாமல் இருக்க இருக்கக் கூடப் பண்ணினன். எனக்கு அது பிழையெண்டு தெரியும்," என்றார்.

அப்படி மாறி மாறி அமத்தினார்கள். நடுவில் தாதி ஒருத்தி, பிறகு டாக்குத்தர், பிறகு திரும்ப ஜெபரட்ணம். மகாதேவி பியாட்றிஸின் பாதங்களைத் தேய்த்தபடியே நின்றாள். யன்னலில் வெயில் இறங்கியது. ஐந்தரை. ஆறு. நாடி ஒரு தரம் மெலிந்து, டாக்குத்தர் ஊசி போட்டார். அவர் முகத்தைப் பார்க்க ஜெபரட்ணம் விரும்பவில்லை. பையை மட்டும் பார்த்தார்.

ஆறேகாலுக்கு மகாதேவி, "பொறுங்கோ," என்றாள். "காலிலை ஒரு விரல் அசைஞ்சது."

யாரும் நம்பவில்லை. எல்லாரும் குனிந்து பார்த்தார்கள். சின்ன விரல் இன்னொரு தரம் அசைந்தது. சிறிது நேரத்தில், ஜெபரட்ணம் பையை விட்ட இடைவெளியில், அவர் அமத்தாமலே அவள் நெஞ்சு சற்று எழும்பியது. டாக்குத்தர் காதுக் குழாயை வைத்துக் கேட்டார். "தானாக இழுக்கிறா. விடாதேங்கோ, கூடச் சேர்ந்து அமத்துங்கோ," என்றார்.

மறுநாள் காலை பியாட்றிஸ் தண்ணீர் கேட்டாள். நாக்கு தடித்திருந்தது. கரண்டியால் பருக்கினார்கள். மகாதேவி அங்கேயே மர வாங்கில் இருந்து விடியவைத்திருந்தாள். பியாட்றிஸ் அவளைக் கூப்பிட்டு, கையைப் பிடித்து, நீண்ட நேரம் விடாமல் இருந்தாள். அதன் பிறகுதான் கணவன் பக்கம் திரும்பினாள்.

"தம்பியிட்டை இருந்து பதில் வந்ததோ?"

ஜெபரட்ணம் கரண்டியைக் கீழே வைத்தார். "வந்தது," என்றார்.

"எல்லாம் கேட்டது," என்றாள். ஒவ்வொரு சொல்லும் மெதுவாக வந்தது. "முதல் சாகப் போறன் எண்டு பயந்தன். நீங்கள் அந்தக் காயிதத்தைச் சொன்ன பிறகு பயம் போட்டுது. கோவம்தான். எழும்பி உங்களோடை சண்டை பிடிக்கோணும் எண்டு கிடந்தன். என்னைக் கேக்காமல் எப்பிடி எழுதுவியள்?"

"பிழைதான்."

"பிழைதான் எண்டு சொன்னால் காணாது. வீட்டை வந்து இருந்து கதைப்பம்."

வீட்டுக்கு வந்து கதைத்தார்கள். ஒரு கிழமை கதைத்தார்கள், சில நாள் சத்தமாகவே. கடைசியில் அவர் தம்பிக்கு, பியாட்றிஸும் பக்கத்தில் இருக்க, வரவில்லை என்று இன்னொரு காயிதம் எழுதினார். மகாதேவியின் மீன் முழுதும் அந்த நாள் வெயிலில் பழுதாகிப் போயிருந்தது. அதைப் பற்றி ஜெபரட்ணம் கதை எடுத்தபோது அவள் கையை வீசி வேறு கதைக்குப் போய்விட்டாள். அதற்குப் பிறகு அவள் உடுவிலுக்குப் போனால் பொன்மலர் முன்வாசலில் கதிரை போட்டாள். செபநாயகம் அதைத் தடுக்கவில்லை.

தூண்டிலை அவர் விடவில்லை. எது மாட்டினாலும் முழுதாகவே கொண்டு வந்தார். மகாதேவி புரட்டிப் பார்த்துப் பேர் சொல்லும்வரை கத்தியை எடுக்க மாட்டார். ஓரா மீனின் முள் குத்தினால் என்ன செய்வது, எந்தக் காற்றுக்கு எந்தப் பாறையில் நிற்பது, எல்லாம் அவளிடமும் அவள் தமையனிடமும் கேட்டுத் தெரிந்துகொண்டார். சிரித்தார்கள்தான். ஆனால் அவர் நினைத்துப் பயந்த சிரிப்பல்ல அது.

இரண்டு வருடம் கழித்துக் கந்தோருக்குப் புதிதாக வந்த இளம் எழுதுவினைஞர் ஒருவர் தூண்டில் போடப் பழக்கும்படி அவரிடம் கேட்டார். என்ன தடி வாங்க வேண்டும், என்ன இரை என்று கேட்டபோது, "அதெல்லாம் பிறகு. பேர் தெரியாத மீனை வெட்டாதையும். முதல் அதைப் பழகும்," என்றார் ஜெபரட்ணம். அந்த இளைஞர் சிரித்தார். ஜெபரட்ணம் கோபிக்கவில்லை. பின்னேரம் அவரை வீட்டுக்குக் கூட்டிப் போய், பியாட்றிஸை இருத்தி, அசைய முடியாமல் கிடந்த அந்த நாலேகால் மணித்தியாலத்தில் அவளுக்கு என்னென்ன கேட்டது என்று சொல்லச் சொன்னார். அவள் சொன்னாள். தேத்தண்ணி ஆறிப் போனது. எழுந்து போகும்போது அந்த இளைஞர் படலையடியில் திரும்பி நின்று, மகாதேவி வீட்டுக்கு எந்த ஒழுங்கையால் போக வேண்டும் என்று கேட்டார்.